ஏரி இல்லாத லேக் வியூ ரோடு

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. இருபது வருஷமாக அந்த வழியாகத்தான் ரயிலடிக்குப் போய் வருகிறேன். மளிகைக் கடை, டியூஷன் சென்டர், மருந்துக் கடை, வரிசையாக அபார்ட்மென்ட். ஏரி மட்டும் கிடையாது. போன மாதம் ஊரிலிருந்து வந்த அக்கா பையன், "மாமா, லேக் எங்கே?" என்று கேட்டான். "நேத்து பாண்டி பஜார்ல சட்டை வாங்கினியே, அதுதாண்டா ஏரி" என்றேன். அவன் நம்பவில்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நூறு வருஷத்துக்கு முன்னால் மவுண்ட் ரோடுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை, பிறை மாதிரி வளைந்து ஒரு ஏரி கிடந்தது. வெள்ளைக்காரர்கள் போட்ட வரைபடங்களில் அதற்கு லாங் டேங்க் என்று பெயர். வடக்குப் பகுதி நுங்கம்பாக்கம் ஏரி, தெற்குப் பகுதி மயிலாப்பூர் ஏரி. (கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள், அது வேறு.) படகுப் போட்டி நடத்தும் அளவுக்குப் பெரிய நீர்ப்பரப்பு. அதன் மேற்குக் கரையில் இருந்த சின்ன கிராமம் மாம்பலம். அன்றைக்கு அது செங்கல்பட்டு ஜில்லா.

'மகா வில்வம்'தான் மாம்பலம் ஆனது என்று சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம் ஊர்ப் பெயர் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சமஸ்கிருதப் பெயரைத் தேடுகிற பழக்கம் நெடுநாளாக உண்டு, இதுவும் அந்த ரகம்.

வளமான ஊர் என்றால் நமக்கு நிலக்கரியோ எண்ணெயோதான் ஞாபகம் வரும். தொண்டை மண்டலத்துக் கிராமங்களின் சொத்து அதுவல்ல. வருஷம் முழுக்க ஓடும் ஆறு இங்கே இல்லை. பாலாறு முக்கால்வாசி நாள் மணல்தான். ஐப்பசியும் கார்த்திகையும் சில நாளில் கொட்டிவிட்டுப் போகிற மழையைப் பிடித்து வைத்தால்தான் சோறு. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. சரிவின் குறுக்கே ஒரு கரை போட்டால் ஏரி. பாசனத்துக்கு மதகு, மிஞ்சிய நீர் வழிய கலங்கல். மேலேரி நிரம்பி வழிவது கீழேரிக்கு வரத்து. கோடையில் அடியில் படிந்த வண்டலை வண்டியில் அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். அது உரமும் ஆச்சு, தூர் வாரினதும் ஆச்சு. கரையைச் சுற்றிய கிணறுகளுக்கு ஏரிதான் ஊற்று.

இதை நிர்வாகம் செய்ய ஏற்பாடும் இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், குடவோலையில் பெயர் எடுத்து அமைக்கும் வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். பத்தாம் நூற்றாண்டு!

இன்னொரு சாட்சி கும்பினிக் கணக்கு. 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராக வாங்கியது கிழக்கிந்தியக் கம்பெனி. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அதை ஊர் ஊராக அளந்தார். எத்தனை வீடு, யாருக்கு என்ன தொழில், எவ்வளவு நஞ்சை, எவ்வளவு தோப்பு, எவ்வளவு ஏரி என்று கணக்கெடுத்தார். பிற்காலத்தில் தரம்பால் இந்தக் கணக்குகளைத் தேடி எடுத்து எழுதியதால்தான் நம் போன்றவர்களுக்குத் தெரிந்தது. களத்து மேட்டில் நெல்லைப் பங்கு போடுவதற்கு முன்னாலேயே கோயிலுக்கு, கணக்குப் பிள்ளைக்கு, கொல்லருக்கு, தச்சருக்கு, ஏரி மராமத்துக்கு என்று எடுத்து வைக்கும் வழக்கம் அதில் தெரிகிறது. உடனே பொற்காலம் என்று கிளம்பிவிட வேண்டாம். வயலில் இறங்கிப் பாடுபட்ட பண்ணையாட்களுக்கு அந்த நிலத்தில் உரிமை இல்லை. ஆனால் ஏரிக்கு ஒரு பங்கு இருந்தது.

ஆரம்பத்தில் கும்பினிக்காரர்களும் ஏரியின் அருமை தெரிந்தவர்கள்தான். மதுராந்தகம் ஏரிக் கரையை உடையாமல் காக்க 1798இல் கலெக்டர் லயோனல் பிளேஸ் பட்ட பாடும், இராமர் வில்லோடு காவல் நின்ற கதையும் எல்லோருக்கும் தெரியும். கதை இருக்கட்டும். ஏரி நிறைந்தால்தான் வரி வரும், அதனால் கலெக்டருக்குக் கவலை.

பட்டணம் வளர்ந்ததும் கணக்கு மாறியது. 1921இல் சென்னை மக்கள்தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. நெல் விளைகிற நிலத்தைவிட வீடு கட்டுகிற நிலத்துக்குத்தான் கிராக்கி. 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. பனகல் ராஜா முதல் மந்திரியாக இருந்த நீதிக்கட்சி அரசு 1923இல் ஏரியை வடித்து மாம்பலம் குடியிருப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 1925இல் மறைந்த சர் பிட்டி தியாகராயர் பெயரில் தியாகராய நகர். தெருக்களைப் பாருங்கள்: டாக்டர் நாயர் ரோடு, உஸ்மான் ரோடு, தணிகாசலம் ரோடு. பூங்காக்கள் பனகல், நடேசன். ஒரு கட்சியின் வரலாற்றையே நடந்து நடந்து படித்துவிடலாம். ஏரியின் ஞாபகத்துக்கு மேற்குப் பக்கம் எங்கள் லேக் வியூ ரோடு, வடக்கே நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடும் லேக் ஏரியாவும். வள்ளுவர் கோட்டம் 1976இல் எழுந்ததும் பழைய ஏரி நிலத்தில்தான்.

இதை அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்து, இங்கே அரை கிரவுண்டு வாங்கியதால்தான் நான் இன்று இந்த ஊர்க்காரன். என் வருத்தம் வேறு. ஏரியை எடுத்தவர்கள் அதைத் தண்ணீருக்கு அடியில் வீணாகக் கிடக்கும் நிலமாகப் பார்த்தார்கள். சரிவு மாறவில்லை, மழையும் மாறவில்லை. அந்த மழை இனி எங்கே போகும் என்ற கேள்விக்கு ஒரு கால்வாய்தான் பதில்.

அதுதான் மாம்பலம் கால்வாய். வள்ளுவர் கோட்டம் பக்கம் ஆரம்பித்து தி.நகர் வழியாக நந்தனம் அருகே அடையாற்றில் விழுகிறது. பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தபோது எனக்குச் சட்டென்று உறைத்தது. கால்வாய் போகிற திசை ஏரி கிடந்த திசையேதான். ஏரி சுருங்கிச் சாக்கடையாகி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2021 நவம்பரில் தி.நகர் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றபோது எல்லோரும் குறை சொன்னது இந்தக் கால்வாயின் அடைப்பைத்தான். கொஞ்சம் பலத்த மழை பெய்தாலே துரைசாமி சப்வேயை மூடிவிடுவார்கள், அது எங்களுக்குப் பழகிப்போனது. மாம்பலம் கொசுவின் புகழையும் இந்தத் தாழ்ந்த நிலத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

இதே ஊர்தான் 2019 ஜூனில் குடத்தோடு நின்றது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் காய்ந்து, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் கட்டடத்தில் 2003இல் சட்டத்துக்குப் பயந்து போட்ட மழைநீர்க் குழி உண்டு. அந்த வருஷம் அதைத் திறந்து பார்த்தோம். உள்ளே செங்கல் தூளும் ஒரு பழைய வாளியும்.

அக்கா பையனை மறுநாள் தி.நகரில் ஒரு தெருவுக்குக் கூட்டிப்போனேன். பழைய பங்களா ஒன்றை இடித்து, இரண்டு அடுக்கு பேஸ்மென்ட் தோண்டுகிறார்கள். பத்தடிக்குக் கீழே மண் கறுப்பு, பிசுபிசுவென்று களிமண். ஊற்று நிற்காததால் ராத்திரி பகலாக மோட்டார் ஓடுகிறது. குழாயிலிருந்து தண்ணீர் தெளிவாக மழைநீர் வடிகாலில் கொட்டிக்கொண்டிருந்தது. வடிகால் போய்ச் சேருவது கால்வாய், கால்வாய் போய்ச் சேருவது அடையாறு. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு தண்ணி லாரி நின்றது. டிரைவர் இறங்கி வந்து, அந்த மோட்டார்க் குழாயிலேயே முகத்தைக் கழுவிக்கொண்டு, சம்பின் மூடியைத் திறக்கச் சொல்லி வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.