மௌத்து வீட்டுக் கடதாசிகள்

மௌத்தானவரின் சொத்தைப் பிரிப்பதில் நமக்குக் குழப்பமில்லை. முதலில் கபன், அடக்கச் செலவு, பின்னர் கடன், மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத்து, மீதி வாரிசுகளுக்கு. 1931ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் இந்நாட்டு முஸ்லிம்களின் வாரிசுரிமையை மார்க்கச் சட்டத்தின் வழியிலேயே விட்டிருக்கிறது. ஆனால் பெட்டகத்தின் அடியில் கிடக்கும் கடதாசிகளுக்குப் பங்காளி எவருமில்லை. நாற்பதாம் கத்தம் முடிந்து வீட்டை ஒதுக்கும்போது சட்டிபானையைக்கூட யாராவது கேட்பார்கள். கடதாசியைக் கேட்பார் இல்லை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம்மவர்களுக்கும், 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்த கரையோரத்தாருக்கும் எதையும் தெரிந்தெடுக்க அவகாசம் கிடைக்கவில்லை. நான் சொல்ல வருவது அவகாசம் கிடைத்த வீடுகளைப் பற்றி. அங்கேயும் ஏடுகள் அழிகின்றன, அதுவும் மரியாதையோடு.

அரபெழுத்துள்ள தாளில் கால் படலாகாது. குப்பையில் போடவும் கூடாது. ஆகவே கிழிந்த முஸ்ஹபையும் மவ்லிதுக் கிதாபையும் சாக்கில் கட்டி மண்ணில் அடக்குவோம், அல்லது ஆற்றில் விடுவோம். குர்ஆனுக்கு அந்தக் கண்ணியம் உரியதே. ஆனால் அரபெழுத்தில் இருப்பதெல்லாம் அரபு மொழியல்ல. அரபியில் இல்லாத ங, ட, ண, ழ முதலிய ஒலிகளுக்குப் புள்ளியும் குறியும் சேர்த்துத் தமிழை எழுதினர் நம் முன்னோர். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அதில் மார்க்கக் கிதாபுகள் செய்தனர். அவர் மறைந்த அதே ஆண்டில் மறைந்த சித்திலெப்பையோ 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையையும் 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ நாவலையும் தமிழெழுத்தில் தந்தார். ஆசிரியர் கலாசாலையில் இவர்களைப் பற்றிக் குறிப்பெழுதிப் பரீட்சையும் எழுதினோம். அச்சேறியவர்களைப் பற்றி மட்டுந்தான். அடுப்படியில் எழுதியவர்களைப் பற்றி எந்த வினாத்தாளும் கேட்கவில்லை.

என் உம்மும்மா அப்படி எழுதியவர். வளவின் உறுதியில் பெருவிரல் அடையாளம் வைத்தவர். அந்த உறுதியைப் பார்ப்பவர் அவரை எழுத்தறியாதவர் என்றே முடிவு கட்டுவார். எங்கள் பக்கத்து வழமைப்படி கடைசி மகளான சாச்சிக்கே அவர் வீடு. வீட்டை ஒதுக்கிய அன்று சாச்சி ஒரு சாக்கை நிரப்பி வாயைக் கட்டியிருந்தார்.

“அரபெழுத்து மகன், வேலியோரம் அடக்கிப் போடுவம்” என்றார்.

“அவிழ்த்து ஒருக்காப் பார்ப்பம் சாச்சி.”

“உம்மா ஓதினதுகள். கிளறப்படாது.”

அசர் தொழுதுவிட்டு வந்து அவரே அவிழ்த்தார். யாசீன் கிதாபுகளுக்கும் மவ்லிதுத் தாள்களுக்கும் நடுவில் நூலால் தைத்த ஒரு கொப்பி. எனக்கு எழுத்துக் கூட்டத்தான் முடிந்தது. சாச்சி கடகடவென்று வாசித்தார். அவருக்கு எழுத்துப் பழக்கியவரே உம்மும்மாதான். பிள்ளைகளின் பிறப்பு, யாருக்கு எத்தனை மரைக்கால் நெல் கடன், கணச்சூட்டுக்கு எண்ணெய் காய்ச்சும் முறை. ஓரிடத்தில், 1398 ஹஜ்ஜு மாதக் கடைசிப் பத்தில் காற்று வந்து கூரை போனதும், மூன்று அவணம் நெல் நனைந்ததும். 1978 நவம்பர் 23இல் கிழக்கைத் தாக்கிய சூறாவளிதான் அது. அரசாங்க அறிக்கைகளில் எங்கள் வீட்டு நெல் இருக்காது.

பிறப்புகள் எழுதிய பக்கத்தில் சாச்சி நின்றுவிட்டார். அவருக்கும் என் உம்மாவுக்கும் நடுவில் ஓர் ஆண் குழந்தை. பெயரும் இருந்தது. பக்கத்திலேயே, ஏழாம் நாள் மௌத்து. அப்படியொரு காக்கா பிறந்ததே வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மீதித் தாள்களை மறுநாள் வேலியோரம் அடக்கினோம்.

கொப்பியை என்னிடம் தரச் சாச்சி சம்மதிக்கவில்லை. தன் அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். ரமழான் விடுமுறையில் அவர் வாசிக்க, நான் தமிழெழுத்தில் பெயர்த்தெழுதுகிறேன். இதுவரை 31 பக்கம் முடிந்திருக்கிறது.