1959-இன் முதல் கணக்கும் யூக்ளிடின் கழித்தலும்

சர்வதேச கணித ஒலிம்பியாட் முதன்முதலில் நடந்தது 1959-இல், ருமேனியாவில். கலந்துகொண்டவை ஏழே நாடுகள், எல்லாமே சோவியத் அணி. அந்தத் தேர்வின் முதல் கணக்கு இதுதான்: ‘க’ எந்த இயல் எண்ணாக இருந்தாலும் (21க + 4)/(14க + 3) என்ற பின்னத்தை மேற்கொண்டு சுருக்க முடியாது என்று நிறுவ வேண்டும்.

முதன்முதலில் இதைப் பார்த்தபோது, பள்ளிக்கூடப் பழக்கத்தில் நான் பகாக் காரணிகளில் இறங்கிவிட்டேன். ‘க’வுக்கு 10 போட்டால் 214/143. மேலே 2 × 107, கீழே 11 × 13. பொதுக் காரணி இல்லை. 100 போட்டால் 2104/1403. இந்த 1403-ஐ 23 × 61 என்று உடைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. இப்படி எத்தனை எண் போட்டாலும் அது நிரூபணம் ஆகாதே!

உண்மையில் இரண்டு வரி வேலைதான். ஓர் எண் இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுத்தால், அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தாக வேண்டும். மேலே இருப்பதிலிருந்து கீழே இருப்பதைக் கழித்தால் 7க + 1. அதை 14க + 3-இலிருந்து இரண்டு தடவை கழித்தால் 1. ஆக, பொதுக் காரணி எதுவானாலும் 1-ஐயும் வகுக்க வேண்டும். 1-ஐ விட்டால் வேறு எது வகுக்கும்? அவ்வளவுதான்.

இது 1959-இல் பிறந்த யோசனை இல்லை. கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் எழுதிய ‘எலிமெண்ட்ஸ்’ நூலின் ஏழாம் புத்தகத்தில் முதல் தேற்றமே இதுதான். பெரியதிலிருந்து சிறியதைத் திரும்பத் திரும்பக் கழித்துக்கொண்டே போய் கடைசியில் 1 மிஞ்சினால், அவை சார்பகா எண்கள். 1-க்கு முன்பே கழித்தல் தீர்ந்துபோனால், மீப்பெரு பொதுக் காரணியைக் கண்டுபிடிப்பது இரண்டாம் தேற்றம். ஒரு பெருக்குத்தொகையைப் பகா எண் வகுத்தால், பெருக்கிய எண்களில் ஒன்றையாவது அது வகுக்கும் என்பது 30-ஆம் தேற்றத்தில்தான் வருகிறது. எந்த எண்ணையும் பகா எண்களாக ஒரே விதத்தில்தான் பிரிக்க முடியும் என்பதைத் தெளிவாகச் சொல்லி நிறுவியவர் காஸ், அதுவும் 1801-இல்.

நாம் படித்த வரிசையோ தலைகீழ். முதலில் காரணிகளாகப் பிரி, பிறகு பொதுவானதைப் பொறுக்கு. அப்படிப் பிரிப்பது ஒரே விதத்தில்தான் அமையும் என்பதை யாரும் நமக்கு நிறுவிக் காட்டவில்லை; நாமும் கேட்கவில்லை. அதனால் கழித்தல் என்பது ஏதோ குறுக்குவழி மாதிரி மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் அதுதான் அஸ்திவாரம்.

வேகத்திலும் அதே கதைதான். பல நூறு இலக்கமுள்ள இரண்டு எண்களின் பொதுக் காரணியைக் கணினி நொடியில் சொல்லிவிடும். அவற்றைப் பகாக் காரணிகளாக உடைக்கச் சொன்னால் திணறும்.

அடுத்த தடவை பொதுக் காரணி கேட்கும் போட்டிக் கணக்கு வந்தால், உடனே உடைக்கப் போகாதீங்க. முதல்ல கழிச்சுப் பாருங்க.