பெருந்தெருவும் தொல்சான்றும்: இலங்கைத்துறைப் பிரதேசம் பற்றிய ஒரு குறிப்பு

திருகோணமலை மாவட்டத்தின் தென்கரையில், கடலும் களப்பும் கூடும் முகத்துவாரத்தில் அமைந்தது இலங்கைத்துறை. இவ்விடத்தைச் சிங்கள பௌத்த மரபு லங்காபட்டுன எனக் கொண்டு, 4ஆம் நூற்றாண்டிற் புத்தரின் தந்ததாது வந்திறங்கிய துறையெனப் போற்றுகின்றது. ஒரே கரை இரு மொழியினரின் நினைவிலும் துறையாகவே நிலைத்துள்ளமை மனங்கொளத்தக்கது.

இம்மாவட்டத்தின் வரலாற்று மூலங்கள் பல, தமக்குரிய இடத்தினின்றும் பெயர்க்கப்பட்ட நிலையிலேயே கிடைத்துள்ளன. 1620களிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். தமிழ்க் கல்வெட்டொன்று இன்றும் கோட்டை வாயிலிலேயே நிற்கின்றது. அது முன்னர் கோயிலின் எப்பகுதியில் நின்றது என்பதற்குச் சான்றில்லை. மாறாக, பெரியகுளத்து வெல்கம் விகாரையிற் சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் கட்டட அழிபாடுகளுடன் சேர்ந்தே வெளிப்பட்டன. ஆதலினாலேயே அது 'இராசராசப் பெரும்பள்ளி' என வழங்கியதையும், தமிழ்ப் பௌத்தர் அதனைப் பேணியதையும் ஐயமின்றிக் கூறமுடிகின்றது. கல்லின் எழுத்து சான்றின் ஒரு பாதியெனின், அது கிடந்த இடம் மறுபாதியாகும்.

2007இன் பின்னர் மட்டக்களப்பு-திருகோணமலைக் கரையோரப் பெருந்தெரு புனரமைக்கப்பட்டது. 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. படகுப்பாதையை நம்பி வாழ்ந்த மக்களுக்கு இவை இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. ஆயினும் தெருவுக்கு வேண்டிய கருங்கல்லையும் கிறவலையும் தருவன குன்றுகளும் மேடுகளுமே. பழைய கோயில்களும் பள்ளிகளும் குடியிருப்புகளும் அமைந்தனவும் அவையே. 19ஆம் நூற்றாண்டில் லாகூர்-முல்தான் இருப்புப்பாதைக்கென ஹரப்பாவின் செங்கற்கள் அள்ளப்பட்டபோது, அந்நகரின் தொன்மையை எவரும் அறிந்திலர். பட்டியலில் இடம்பெறாத சான்றே முதலில் அழியும்.

1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1998இல் திருத்தப்பட்டபின், பெருந்திட்டங்களுக்கு முன் தொல்லியல் தாக்க மதிப்பீடு வேண்டப்படுகின்றது. எனினும், மதிப்பிடுவோர் யாவர் என்பதே கிழக்கில் எழும் வினா. 2020இற் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென நியமிக்கப்பட்ட சனாதிபதிச் செயலணியில், தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிம்களோ இடம்பெறவில்லை. இத்தகைய நிலையில் தொல்லியற் பாதுகாப்பு என்னும் சொல்லே நிலத்தை இழக்கும் அச்சமாக மக்களுக்குத் தோன்றுகின்றது. அச்சமுற்றோர் தாம் கண்ட சான்றை மறைப்பரேயன்றி அறிவியார்.

எனவே, தெருவுக்கான முதல் அளவையுடனேயே தொல்லியல் அளவையும் நிகழ்தல் வேண்டும். அதிற் பல்கலைக்கழகங்களும் மூவினக் கிராம மக்களும் பங்குகொண்டு, பதிவுகள் மும்மொழியிலும் வெளிவருதல் அவசியம். தெருவின் போக்கைச் சில யார் தூரம் விலக்கலாம். பெயர்த்தெடுத்த சான்றை மீண்டும் அதன் இடத்தில் வைத்தல் இயலாது.