இடம் மாறாத மெத்தில்: பாலிபுரோப்பிலீனின் வரலாறு

பாலிஎத்திலீன், எத்திலீன் வாயுவின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட சங்கிலிகளாவதால் உருவாகும் பலபடி ஆகும். அந்த எத்திலீனுக்கு மிக நெருங்கிய உறவாக, கச்சா எண்ணெயைப் பிளக்கும் ஆலைகளில் அதனுடனேயே வெளிப்படும் மற்றொரு வாயு புரோப்பிலீன். எத்திலீனில் கார்பன் அணுக்கள் இரண்டு, புரோப்பிலீனில் மூன்று. கூடுதலாக உள்ள அந்த ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன் அணுக்களுடன் கூடி மெத்தில் தொகுதி என்னும் பெயருடன் சங்கிலியின் பக்கவாட்டில் சிறு கிளைபோல நீட்டிக்கொண்டு நிற்கும். வேதியியல் வாய்பாட்டில் அற்பமாகத் தோன்றும் இந்தக் கிளை எந்தப் பக்கம் நிற்கிறது என்ற ஒரே கேள்விதான், 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரண்டு பேராசிரியர்களின் நட்பை முறித்ததும், ஸ்டாக்ஹோமில் ஒரு நோபல் பரிசாகக் கனிந்ததும், அமெரிக்க நீதிமன்றங்களில் கால் நூற்றாண்டு நீண்ட வழக்காக வளர்ந்ததும் ஆகும்.

1950 வரை புரோப்பிலீன் வேதியியலாளர்களின் கைக்கு அடங்காத பொருளாகவே இருந்தது. எத்திலீனை ஆயிரம் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் நெருக்கிப் பலபடியாக்கும் பிரித்தானிய முறையைப் புரோப்பிலீனுக்குப் பயன்படுத்தியபோது எண்ணெய் போன்ற கூழே கிடைத்தது. வளரும் சங்கிலியின் முனை, அடுத்த மூலக்கூறுடன் இணைவதற்குப் பதிலாக, அதன் மெத்தில் தொகுதியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு வளர்ச்சியை நிறுத்திவிட்டதே அதற்குக் காரணம். அமில வினையூக்கிகளைக் கொண்டு செய்த முயற்சிகளும் பிசுபிசுப்பான, எதற்கும் உருக்கொடுக்க இயலாத பொருள்களையே தந்தன. ஆகவே எண்ணெய் ஆலைகள் புரோப்பிலீனைப் பெட்ரோலில் சேர்க்கும் கூறுகளாக மாற்றியோ எரிபொருளாக எரித்தோ தீர்த்துவந்தன.

இந்த நிலையை மாற்றிய கருவி ஜெர்மனியின் முல்ஹைம் நகரில், நிலக்கரி ஆராய்ச்சிக்கான மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் உருவாயிற்று. அதன் இயக்குநர் கார்ல் சீக்லர், அலுமினியமும் கார்பனும் நேரடியாகப் பிணைந்த சேர்மங்களை ஆராய்ந்துவந்தவர். எத்திலீன் மூலக்கூறுகள் அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் இடையே ஒவ்வொன்றாக நுழைந்து சங்கிலியை நீட்டுவதை அவர் கண்டிருந்தார். ஒருமுறை அச்சங்கிலி வளராமல் தொடக்கத்திலேயே அறுந்துபோக, காரணம் தேடியபோது வினைக்கலத்தில் எஞ்சியிருந்த நிக்கல் உலோகத்தின் சுவடே அதைச் செய்தது எனத் தெரியவந்தது. ஓர் உலோகம் வளர்ச்சியைத் தடுக்குமானால் வேறோர் உலோகம் அதைத் தூண்டவும் கூடும் என்னும் சிந்தனையில் ஒவ்வொரு உலோகமாகச் சோதித்துச் சென்ற சீக்லரின் மாணவர்கள், 1953-ஆம் ஆண்டின் இறுதியில் டைட்டானியம் குளோரைடை அடைந்தனர். அதனுடன் அலுமினியச் சேர்மத்தைக் கலந்ததும், உயர் அழுத்தமே இன்றி, சாதாரண வெப்பநிலைக்கு அருகிலேயே எத்திலீன் திண்மமாக மாறியது.

சீக்லரின் பணியை ஆரம்பத்திலிருந்தே கூர்ந்து கவனித்தவர் மிலான் பாலிடெக்னிக்கின் பேராசிரியர் ஜூலியோ நாட்டா. 1903-இல் இம்பீரியாவில் பிறந்த அவர், 1938 முதல் மிலானில் தொழில்துறை வேதியியல் துறைக்குத் தலைமை வகித்துவந்தார். 1930-களின் தொடக்கத்தில் ஃபிரைபர்க் சென்று, நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் உண்மையில் உள்ளன என்று நிறுவிய ஹெர்மன் ஸ்டாடிங்கரின் ஆய்வுச் சூழலை நேரில் அறிந்தவர். எக்ஸ்-கதிர்களையும் எலெக்ட்ரான் கற்றைகளையும் படிகங்களின்மீது செலுத்தி, அவை சிதறும் கோலத்தைக் கொண்டு அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிடும் கலையில் தேர்ந்தவர். 1952-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் சீக்லர் ஆற்றிய உரையைக் கேட்ட நாட்டா, தாம் ஆலோசகராக இருந்த மோன்டெகாட்டினி நிறுவனம் சீக்லருடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள வழிவகுத்தார். அதன்படி அந்நிறுவனத்தின் இளம் வேதியியலாளர்கள் மூவர் முல்ஹைமுக்கே சென்று தங்கிப் பயின்றனர். சீக்லரின் புதிய வினையூக்கி பற்றிய செய்தி மிலானை விரைந்து எட்டியது இந்த வழியில்தான்.

சீக்லர் எத்திலீனிலேயே ஆழ்ந்திருந்த மாதங்களில், நாட்டாவின் கவனம் புரோப்பிலீன்மீது சென்றது. அவர் முதலில் தேடியது நெகிழியை அன்று; செயற்கை ரப்பரை. 1954 மார்ச் 11 அன்று பாவோலோ கீனி என்னும் உதவி ஆய்வாளர் செய்த சோதனை வெற்றியடைய, பாலிபுரோப்பிலீன் செய்யப்பட்டது என்னும் பொருள்பட ஒரு சிறு வரியை நாட்டா தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். கலத்திலிருந்து கிடைத்ததோ ரப்பரும் மெழுகும் கலந்தாற்போன்ற ஒரு திரள். வேறோர் ஆய்வகமாயின் அதன் சராசரிப் பண்புகளை அளந்து பதிவுசெய்துவிட்டு அடுத்த வேலைக்குச் சென்றிருக்கக்கூடும். மிலானில் அத்திரளைக் கொதிக்கும் கரைப்பான்களில் ஒன்றன்பின் ஒன்றாக இட்டுப் பிரித்தார்கள். அசிட்டோனில் கரையும் எண்ணெய்ப்பகுதி முதலில் நீங்கியது. ஈதரில் கரையும் ரப்பர்ப்பகுதி அடுத்து நீங்கியது. ஹெப்டேனில் கரைவது அதன்பின் நீங்கியது. கொதிக்கும் ஹெப்டேனுக்கும் அசையாமல் இறுதியில் எஞ்சியது ஒரு வெண்ணிறத் தூள். ஒரே வாயுவிலிருந்து, ஒரே கலத்தில், ஒரே வாய்பாட்டுடன் பிறந்த பொருள்கள் இத்துணை வேறுபடுவது எப்படி என்ற கேள்வியைப் பொறுமையாக எழுப்பியதுதான் இந்த வரலாற்றின் உயிர்நாடி.

விடை எக்ஸ்-கதிர்ப் படத்தில் இருந்தது. பாவோலோ கொராடினி என்னும் இளம் ஆய்வாளர் அந்த வெண்தூளிலிருந்து இழுத்த இழையைக் கதிர்முன் வைத்தபோது, ஒழுங்கற்ற பொருளுக்குரிய மங்கலான வளையத்துக்குப் பதிலாகத் தெளிவான புள்ளிகள் பதிந்தன. அப்பொருள் படிகமாகியிருந்தது. ஒரு சங்கிலி படிகமாக வேண்டுமானால் அதன் அமைப்பு அடிமுதல் முடிவரை ஒரே சீராகத் திரும்பத்திரும்ப வரவேண்டும். அவ்வாறாயின் ஒவ்வொரு மெத்திலும் ஒரே பக்கமாக நின்றாக வேண்டும். நேராக நீட்டிய சங்கிலியில் ஒரே பக்கம் நிற்கும் மெத்தில்கள் ஒன்றையொன்று நெருக்கும் என்பதால், சங்கிலி திருகிச் சுருளாகிறது. மூன்று அலகுகளுக்கு ஒரு சுற்று முடிந்து, 6.5 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் அதே அமைப்பு மீண்டும் தொடங்குகிறது. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு.

இப்படி ஒருபக்கம் ஒழுங்குபட்ட அமைப்புக்கு, கிரேக்க மொழியில் 'ஒரே ஒழுங்கு' எனப் பொருள்படும் 'ஐசோடாக்டிக்' என்னும் சொல்லை முன்மொழிந்தவர், இலக்கியம் பயின்றவரான நாட்டாவின் மனைவி ரோசிட்டா பேயாட்டி. மெத்தில்கள் தாறுமாறாக நிற்கும் ரப்பர் போன்ற வகை 'ஏடாக்டிக்' என்றும், இருபக்கமும் மாறிமாறி நிற்பது 'சிண்டியோடாக்டிக்' என்றும் பெயர்பெற்றன. வேதியியலின் ஒரு புதிய துறைக்கே கலைச்சொல் தந்த அந்தப் பெண்மணியின் பங்கு பாடநூல்களில் இடம்பெறாமல் போவது ஒரு குறையே.

நாட்டாவின் தரப்பு இத்தாலியில் காப்புரிமை கோரி விண்ணப்பித்தது 1954 ஜூன் 8-இல். சீக்லரும் தம் ஆய்வகத்தில் புரோப்பிலீனைப் பலபடியாக்கி விண்ணப்பித்தது ஆகஸ்ட் 3-இல். ஏறத்தாழ எட்டு வார இடைவெளி அது. தமது வினையூக்கியைக் கொண்டே, தமக்கு முன்கூட்டித் தெரிவிக்காமல், தம் கண்டுபிடிப்பின் இயல்பான அடுத்த படியை மற்றவர் கைப்பற்றிவிட்டார் என்னும் மனவருத்தம் சீக்லருக்கு நெடுங்காலம் தீரவில்லை. அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் வெண்தூளுக்குள் இருந்த ஒழுங்கைக் கண்டு, அதற்குப் பெயரும் விளக்கமும் தந்த அறிவு மிலானுக்கே உரியது என்பதும் மறுக்க இயலாதது. 1963-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. பார்க்கின்சன் நோயால் உடல் தளர்ந்திருந்த நாட்டா பிறர் துணையுடனேயே மேடைக்கு வந்தார்.

ஆய்வகத்திலிருந்து ஆலைக்குச் சென்ற பயணம் வியப்பூட்டும் வேகத்தில் நடந்தது. 1957-லேயே மோன்டெகாட்டினி இத்தாலியின் ஃபெர்ராராவிலும், ஹெர்குலிஸ் நிறுவனம் அமெரிக்காவிலும் உற்பத்தியைத் தொடங்கின. 'மோப்ளன்' என்னும் வணிகப்பெயருடன் வந்த வாளிகளும் கிண்ணங்களும் இத்தாலியச் சமையலறைகளில் இரும்பையும் தகரத்தையும் விரைவில் விலக்கின. ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.90 கிராம் என்னும் அளவில், பயன்பாட்டிலுள்ள நெகிழிகளிலேயே மிக இலேசான ஒன்றாக இருந்தும், ஏறத்தாழ 160 முதல் 165 டிகிரி செல்சியஸ் வரை உருகாமல் நிற்பதால் கொதிநீருக்கு இது அஞ்சுவதில்லை. மருத்துவமனைகளில் 121 டிகிரி நீராவியில் கிருமிநீக்கம் செய்யப்படும் கருவிகளுக்குப் பாலிஎத்திலீனைவிட இது ஏற்றதானது இதனால்தான்.

இப்பொருளின் தனித்தன்மை முழுமையாக வெளிப்படுவது அதை இழுக்கும்போது. உருக்கி, தாளாக்கி, நாடாக்களாகக் கீறி, சூடேற்றி ஐந்தாறு மடங்கு நீட்டும்போது, குறுக்கும்நெடுக்குமாகக் கிடந்த சங்கிலிகள் இழுத்த திசையில் அணிவகுத்து, நாடாவின் வலிமை பன்மடங்காகிறது. அந்நாடாக்களை வட்டத்தறியில் நெய்தால் கிடைப்பதே சிமெண்டும் உரமும் நிரப்பப்படும் சாக்கு. வங்காளத்தின் சணல் தொழிலை இது எவ்வளவு ஆழமாகப் பாதித்தது என்பதற்கு, உணவு தானியங்களையும் சர்க்கரையையும் சணல் சாக்கில் கட்டுவதைக் கட்டாயமாக்க இந்திய அரசு 1987-இல் தனிச் சட்டமே இயற்றவேண்டியிருந்தது சான்றாகும். நீளவாட்டிலும் அகலவாட்டிலும் இழுத்தால் பிஸ்கட் உறைகளுக்கான பளபளப்பான மெல்லிய தாள் கிடைக்கும்; 1988-இல் ஆஸ்திரேலியா வெளியிட்ட நெகிழி நாணயத்தாளும் இவ்வாறு இருபுறம் இழுக்கப்பட்ட தாளே. புட்டி மூடியின் மெல்லிய கீல் ஆயிரக்கணக்கான முறை மடக்கியும் ஒடியாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான்: முதல் மடக்கிலேயே அங்குள்ள சங்கிலிகள் கீலுக்குக் குறுக்காக நீண்டு வரிசைப்பட்டுவிடுகின்றன. உருகிய இழையைச் சூடான காற்றால் ஊதிச் சில மைக்ரான் தடிமனுக்கு மெலித்து, அதில் மின்னூட்டத்தைத் தங்கவைத்துச் செய்யும் வடிகட்டித் துணிதான் 2020-இல் உலகெங்கும் தட்டுப்பாடான முகக்கவசங்களின் நடு அடுக்கு.

குறைகளும் இதன் அமைப்பிலேயே உள்ளன. மெத்தில் ஒட்டியிருக்கும் கார்பனில் எஞ்சி நிற்கும் ஒற்றை ஹைட்ரஜன் எளிதில் பறிபோகக்கூடியது. வெயிலும் ஆக்சிஜனும் அதைப் பிடுங்கியதும் சங்கிலி அங்கங்கே அறுபட, முற்றத்தில் கிடக்கும் நாற்காலி வெளிறிப் பொடிபூத்து ஒருநாள் முறிகிறது. ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளும் ஒளிநிலைப்படுத்திகளும் சேர்க்கப்படாத பாலிபுரோப்பிலீன் ஏறத்தாழ எந்தப் பயன்பாட்டுக்கும் வருவதில்லை. குளிரிலும் இது தளர்கிறது. ஏறத்தாழ 0 டிகிரிக்குக் கீழே சங்கிலிகளின் அசைவு உறைந்து, பொருள் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையை அடைவதால், குளிர்நாடுகளின் வாகனப் பாகங்களுக்காக எத்திலீனுடன் இணைத்துப் பலபடியாக்கிய ரப்பர்த் துளிகளை அதனுள் பரப்ப வேண்டியதாயிற்று. நாட்டா தேடி வந்த ரப்பர், அவர் கண்டெடுத்த நெகிழிக்குள்ளேயே இவ்வாறு இடம்பெற்றது.

ஆலைகளை மிகவும் வாட்டிய சிக்கல் வேறு. தொடக்ககால வினையூக்கி ஒரு கிராமுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ நெகிழியையே தந்தது. ஆகவே எஞ்சிய டைட்டானியத்தையும் குளோரினையும் ஆல்கஹாலால் கழுவி நீக்கவேண்டியிருந்தது, உடன்பிறந்த ஏடாக்டிக் பிசினையும் கரைத்துப் பிரிக்கவேண்டியிருந்தது. டைட்டானியம் குளோரைடு படிகத்தின் மேற்பரப்பிலும் ஓரங்களிலும் உள்ள அணுக்கள் மட்டுமே வேலைசெய்ய, உள்ளே கிடந்தவை வீணாயின. 1960-களின் இறுதியில் இத்தாலியிலும் ஜப்பானில் மிட்சுயி நிறுவனத்திலும் தனித்தனியே கண்டறியப்பட்ட தீர்வு, டைட்டானியத்தை மக்னீசியம் குளோரைடு படிகங்களின்மீது மெல்லப் படியவைப்பது. அதன்பின் படிப்படியாக நேர்ந்த மேம்பாடுகளால் கழுவலும் பிரித்தலும் தேவையற்றுப்போயின. வினையூக்கித் துகளின் உருண்டை வடிவத்தையே நெகிழியும் பெருக்கிக் காட்டியதால், சில வேளைகளில் உருக்கிக் குருணையாக்கும் வேலையும் மிச்சமாயிற்று. விலை குறைந்ததும் பயன்பாடு பெருகிற்று. இன்று ஆண்டுதோறும் பல கோடி டன் உற்பத்தியாகும் இப்பொருள் மண்ணில் மக்காமல் நுண்துகளாகச் சிதறிக் கிடப்பதற்கும் அந்த மலிவே தோற்றுவாய்.

இவ்வளவுக்கும் அடியில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் பார்ட்லஸ்வில் என்னும் ஊரில், பிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனத்தின் பால் ஹோகனும் ராபர்ட் பேங்க்ஸும் புரோப்பிலீனைப் பெட்ரோல் கூறாக்க முயன்றபோது, குரோமியம் ஆக்சைடு சேர்த்த வினையூக்கியில் எதிர்பாராத வெண்ணிறத் திண்மம் ஒன்று திரண்டது. அந்த நாள் 1951 ஜூன் 5. நாட்டாவின் குறிப்பேட்டு வரிக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முந்தியது. பிலிப்ஸின் விண்ணப்பம் 1953 ஜனவரி 27-ஆம் தேதியிட்டது. 1958-இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம், ஐந்து நிறுவனங்களின் கோரிக்கைகள் ஒன்றோடொன்று மோதுவதாக அறிவித்து விசாரணையைத் தொடங்கியது. சர்ச்சைக்குரிய கோரிக்கையின் வாசகம் மெத்தில்களின் வரிசையைப் பற்றியோ சுருளைப் பற்றியோ எதுவும் கூறவில்லை. கணிசமான படிகப்பகுதி கொண்ட திண்மப் பாலிபுரோப்பிலீன் என்பதே அதன் சாரம். 1971-இல் அலுவலகம் இத்தாலியருக்குச் சாதகமாக முடிவு செய்தது. தோற்றவர்கள் டெலவேர் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடினர். 1980-இல் அங்கு பிலிப்ஸ் வென்றது, மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது. பிலிப்ஸுக்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது 1983 மார்ச் 15-இல். அதற்குள் சீக்லர் மறைந்து ஏறத்தாழ பத்து ஆண்டுகளும் நாட்டா மறைந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகளும் ஆகியிருந்தன. ஃபெர்ராராவில் முதல் வாளி வார்க்கப்பட்டு கால் நூற்றாண்டு கடந்திருந்தது.