எல்லை தாண்டிய வாடகை சைக்கிள்

போன மாசம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அந்த தைரியத்துல ஒரு ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சரைக்கு புதுச்சேரி கடற்கரையிலேர்ந்து சைக்கிளைக் கிளப்பி எங்க ஊர் நெட்டப்பாக்கம் வரைக்கும் போயிட்டு, பாகூர் வழியா திரும்பி வந்தேன். சுத்தி வளைச்சு கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர். இதுல என்ன வரலாறுன்னு கேக்காதீங்க, வருது :)

அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஆறு மாசம் லீட்ஸ்ல ஆன்சைட். அங்க என் டீம்ல ஒரு ஆங்கிலேயர், அம்பது வயசு இருக்கும், சனிக்கிழமையானா சைக்கிளோட காணாமப் போயிடுவார். ஒரு நாள் என்னையும் இழுத்துட்டுப் போனார். யார்க்ஷயர் பக்கம் பச்சைப் பசேல்னு மேடு, சாந்தே இல்லாம கல்லை அடுக்கி வெச்ச வேலி, அதுக்குள்ள செம்மறி ஆடு. மேட்டுல நான் இறங்கித் தள்ளினேன். அவர் ஏறிப்போய் மேல நின்னு டீ குடிச்சிட்டிருந்தார். வழி முழுக்க நீலப் பலகை, அதுல சிவப்புக் கட்டத்துக்குள்ள சைக்கிள் பாதையோட நம்பர்.

அப்புறம் தேடிப் படிச்சதுலதான் இது எவ்வளவு பழைய பழக்கம்னு தெரிஞ்சுது. லீட்ஸுக்குப் பக்கத்துலயே இருக்கற ஹாரோகேட்ல 1878ல சைக்கிள் சுற்றுலாவுக்குன்னே ஒரு சங்கம் ஆரம்பிச்சிருக்காங்க. ஸ்டார்லியோட 'ரோவர்' சைக்கிள், அதாவது இன்னைக்கு நாம ஓட்டற உருவம், 1885லதான் வருது. டன்லப் காத்தடிச்ச டயர் 1888ல. அப்ப 1878ல இவங்க ஓட்டினது முன்சக்கரம் ஆளுயரத்துக்கு இருக்குமே, அந்த சைக்கிள்! விழுந்தா பல்லு போயிடும். அதுல ஊர் ஊரா சுத்தியிருக்காங்க. தங்கறதுக்கு விடுதிகளோட ரேட் பேசி வெச்சாங்க, அபாயமான இறக்கத்துல எச்சரிக்கைப் பலகை நட்டாங்க. ரோடு சரியில்லைன்னு 1886ல தனியா ஒரு சங்கம் கண்டு சண்டை போட்டதும் சைக்கிள்காரங்கதான். கார் வர்றதுக்கு முன்னாடியே நல்ல ரோடு கேட்டவங்க இவங்க. அந்த நம்பர் போட்ட பாதைங்க இதுக்கெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது. 1977ல பிரிஸ்டல்ல ஒரு சின்னக் குழு ஆரம்பிச்ச வேலை, 1994ல மேற்குக் கரையிலேர்ந்து கிழக்குக் கரை வரைக்கும் 140 மைலுக்கு ஒரே பாதையா நீண்டுது.

அன்னைக்குத் திரும்பி வரும்போது அவர் சாதாரணமா கேட்டார்: "உங்க ஊர்ல நீ எங்க ஓட்டுவே?" பதிலே இல்ல என்கிட்ட. எங்க ஊர்ல சைக்கிள்ங்கறது ஸ்கூலுக்குப் போக, ரேஷன் அரிசி கட்ட. சும்மா ஊர் சுத்த ஓட்டினா, பெட்ரோலுக்குக் காசு இல்லையான்னு கேப்பாங்க.

சரி, வழிக்கு வருவோம். வில்லியனூர் தாண்டி மங்கலம், ஏம்பலம், கரியமாணிக்கம்னு போனா நெட்டப்பாக்கம். கடற்கரையிலேர்ந்து 25 கிலோமீட்டர் சுமாருக்கு. மேடு கிடையாது, எதிர்காத்துதான் எதிரி. ரெண்டு பக்கமும் நெல்லு, கரும்பு, நடுவுல சவுக்குத் தோப்பு. கரும்பு டிராக்டர் முன்னாடி போனா ஒதுங்கி நின்னுடுங்க. ஒரு கரும்பு இழுத்துக்கலாம்னு கை நீட்டாதீங்க (அனுபவம்).

இந்தப் பக்கம் புதுசா வர்றவங்களை ஒரு விஷயம் குழப்பும். இப்பத்தான் புதுச்சேரில இருந்தோம், அதுக்குள்ள தமிழ்நாடு அரசு பலகை. கொஞ்ச தூரத்துல ஒயின்ஷாப் கண்ணுல பட்டா மறுபடி புதுச்சேரி. எத்தனை தடவை மாறுதுன்னு எண்ண ஆரம்பிச்சு பாதில விட்டுட்டேன். புதுச்சேரிப் பகுதி மட்டும் சின்னதும் பெருசுமா 12 துண்டு. ட்யூப்ளே காலத்துல, 18ஆம் நூற்றாண்டு நடுவுல, வில்லியனூர், பாகூர்னு கிராமம் கிராமமா பிரெஞ்சுக்காரங்களுக்கு மானியமா வந்த நிலம் இது. அப்புறம் இங்கிலீஷ்காரன் பிடிக்கறதும் ஒப்பந்தம் போட்டுத் திருப்பிக் கொடுக்கறதுமா நடந்து, 1816ல கடைசியாத் திரும்பக் கிடைச்சப்ப வரைபடம் எலி கடிச்ச துணி மாதிரி ஆயிடுச்சு.

1947 வரைக்கும் இதனால பெரிய தொல்லை இல்ல. 1941ல போட்ட சுங்க ஒப்பந்தம் இருந்ததால சாமான் போக வர தடை கம்மி. 1949ல அது முடிஞ்சதும் நிலைமையே மாறிப்போச்சு. வயலுக்கு நடுவுல சுங்கச்சாவடி. அந்தப் பக்கம் அத்தை வீட்டுக்கு ஒரு மூட்டை கொண்டு போனாலும் பிரிச்சுக் காட்டணும். 1954ல கெடுபிடி இன்னும் இறுகிச்சு.

அந்த வருஷம் மார்ச் 18ஆம் தேதி புதுச்சேரிப் பக்கத்து நகரசபைங்க இந்தியாவோட சேரணும்னு தீர்மானம் போட்டுச்சு. முன்னால நின்னவர் எதுவார் குபேர். 1951ல பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கே போனவர், அது வரைக்கும் பிரான்ஸ் பக்கம் பேசினவர், திடீர்னு கட்சி மாறினார். இன்னைக்குக் கடற்கரைச் சாலைக்கு அவர் பேர்தான். காரணம் தேசபக்தியா, கணக்கான்னு பெருசுங்க இன்னும் திண்ணைல சண்டை போடறாங்க. ரெண்டும் கலந்திருக்கும்னு என் எண்ணம்.

மார்ச் 31, புதன்கிழமை. நெட்டப்பாக்கம் போலீஸ் ஸ்டேஷனைக் கைப்பற்றி மூவர்ணக் கொடி ஏத்தி, அங்கேயே தற்காலிக அரசாங்கம்னும் அறிவிச்சாங்க. புதுச்சேரி நகரத்துல நடக்காதது எங்க ஊர்ல எப்படி நடந்துது? சைக்கிள்ல போனா சட்டுனு புரியுது. நெட்டப்பாக்கத்தைச் சுத்தி எல்லாப் பக்கமும் இந்திய நிலம். புதுச்சேரியிலேர்ந்து பிரெஞ்சு போலீஸ் உதவிக்கு வரணும்னா இந்திய ரோட்டை மிதிச்சுத்தான் வரணும். அதுக்கு இந்தியா ஏன் விடப்போகுது? எலி கடிச்ச வரைபடமே பிரெஞ்சுக்காரனுக்கு வினையாப் போச்சு.

இதே கதை அதே வருஷம் ஜூலை, ஆகஸ்ட்ல குஜராத் பக்கம் போர்ச்சுகல்காரனுக்கும் நடந்துது: தாத்ரா, நாகர் ஹவேலி. அவன் விடாம சர்வதேச நீதிமன்றம் வரைக்கும் போனான். 1960ல தீர்ப்பு வந்துது. சாதாரண ஜனங்க, அதிகாரிங்க, சாமான் போக வழி உண்டு, ஆயுதப் படைக்கும் போலீசுக்கும் கிடையாதுன்னு. பிரான்ஸ் அந்த வம்புக்கே போகலை. 1954 அக்டோபர் 18ல கீழூர்ல ஓட்டெடுப்பு. ஓட்டு போட்டவங்க 178 மக்கள் பிரதிநிதிகள். சேரணும்னு 170, வேண்டாம்னு 8. அந்த 8 பேர் என்ன நினைச்சு ஓட்டு போட்டாங்கன்னு எனக்கு எப்பவும் ஒரு ஆர்வம். நவம்பர் 1ல நிர்வாகம் கை மாறிச்சு, சட்டப்படி மாற 1962 ஆகஸ்ட் 16 வரைக்கும் இழுத்துது. கீழூர் நினைவிடம் வில்லியனூர் கொம்யூன்லதான் இருக்கு. போற வழியில கொஞ்சம் ஒதுங்கினா பாத்துடலாம். நான் போனப்ப நிழல்ல ஒரு நாய் மட்டும் தூங்கிட்டிருந்துது.

இப்ப எங்க வீட்டுக் கதை. அம்மாவோட அப்பா, எல்லைக்கு அந்தப் பக்கத்து இந்தியக் கிராமத்துக்காரர். நான் காலேஜ்ல இருந்தப்ப தவறிட்டார். நெட்டப்பாக்கத்துல கொடி ஏத்தினப்ப கயிறு பிடிச்சவங்கள்ல தாத்தாவும் ஒருத்தர்னு மாமா சொல்லுவார். ஒவ்வொரு நவம்பர் ஒண்ணாந்தேதியும் சொல்லுவார். நானும் ஸ்கூல் கட்டுரையில எழுதி முதல் பரிசு வாங்கினவன்.

போன வருஷம் தாத்தாவோட பழைய சான்றிதழ் ஒண்ணு பீரோவுல கிடைச்சுது. பிறந்த வருஷம் 1941. அப்ப கொடி ஏறின அன்னைக்கு வயசு பதிமூணு! மாமாகிட்ட சொன்னதுக்கு, "அப்பல்லாம் ஸ்கூல்ல வயசைக் குறைச்சுதான்டா போடுவாங்க"ன்னு ஒரே போடு. எனக்கு நெஞ்சுல முள்ளு. தாத்தா இருந்தப்ப ஒரு தடவை கூட நேரா கேக்கலையே.

நெட்டப்பாக்கம் வீட்டுல ஆயாகிட்ட கேட்டேன். வேர்த்து விறுவிறுத்து வந்தவனுக்கு நீராகாரம் கொடுத்துட்டு, வெத்தலையை மடிச்சுக்கிட்டே சொல்லிச்சு.

"கயிறாவது, கொடியாவது. உங்க தாத்தாவுக்கு அப்ப கால் கூட எட்டாது. மணி வாடகைக்கு சைக்கிள் எடுத்து, பாருக்குக் கீழ காலை விட்டு குரங்கு பெடல் போட்டுக்கிட்டு, கூட்டமா இருக்குதுன்னு பாக்க வந்திருக்காரு. ஒரு மணி நேரத்துக்கு எடுத்த வண்டிய பொழுது சாஞ்சு கொண்டு போய் விட்டாராம். கடைக்காரன் ஒரு அறை, வீட்டுல எங்க மாமனார் புளியம் விளாறு ஒடிய ஒடிய. அந்தத் தழும்பத்தான் எனக்குக் காட்டுவாரு."

"கொடியாவது பாத்தாராமா ஆயா?"

"எங்க? முன்னால எல்லாம் பெரிய ஆளுங்க. தலை தலையாத்தான் தெரிஞ்சுதாம்."

திரும்பும்போது பாகூர் ஏரிக்கரையில கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். மாமாவுக்கு இன்னும் போன் பண்ணலை. நவம்பர் ஒண்ணு வேற வருது.