வெண்ணிறக் காரும் குடத்து ஓலையும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வருவோரில் பெரும்பாலோர் குடவோலைக் கல்வெட்டுகளைக் காண்பதற்கென்றே வருகிறார்கள். முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. தேர்தலின் வரலாறாகவே அவற்றைப் படித்துப் பழகிவிட்டோம். கொடையின் வரலாற்றுக்கும் அவற்றில் ஒரு பாடம் உண்டு. அதை நமக்கு உணர்த்தியது, 1964இல் பம்பாயில் கைமாறிய ஓர் அமெரிக்கக் கார்.

அவ்வாண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், 38ஆவது அனைத்துலக நற்கருணை மாநாட்டின் பொருட்டுத் திருத்தந்தை ஆறாம் பவுல் பம்பாய் வந்தார். இந்திய மண்ணில் காலடி வைத்த முதல் போப்பாண்டவர் அவரே. அமெரிக்கர்கள் அன்பளிப்பாக அளித்த வெண்ணிற லிங்கன் கான்டினென்டல் காரில் அவர் நகரைச் சுற்றி வந்தார். பான்டியாக் ஜிடிஓ, ஃபோர்டு மஸ்டாங் ஆகிய புகழ்பெற்ற கார்கள் வெளிவந்ததும் அக்காலத்தில்தான். அவை வேகத்துக்குப் பெயர் பெற்றவை. லிங்கனோ தோரணைக்குப் பெயர் பெற்றது. நாடு திரும்பும் வேளையில் அந்தக் காரை அன்னை தெரசாவின் பணிக்கென்று விட்டுச் சென்றார் திருத்தந்தை.

கல்கத்தாவின் சேரிகளில் நடந்து திரிந்த, ஏழ்மையை நோன்பாக ஏற்ற துறவியருக்கு அந்தக் கார் எதற்கு? அதன் பெட்ரோல் செலவே ஒரு சுமை. அன்னை அதில் ஏறி அமரவில்லை. பரிசுச் சீட்டுகள் விற்றுக் குலுக்கலுக்கு விட்டார். அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்குமே ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு வேறு. திருத்தந்தை பயணம் செய்த கார் என்ற பெருமையும் சேர்ந்துகொண்டது. நேரடியாக விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிடப் பன்மடங்கு பணம் சேர்ந்தது. அது அசன்சோலை அடுத்த சாந்தி நகர் என்னும் தொழுநோயாளர் குடியிருப்புக்குப் பயன்பட்டது.

தொழுநோய் இல்லம் என்றால் என்னவென்று நம் வட்டாரத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. செங்கல்பட்டை அடுத்த திருமணியில், பழைய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை 1955இல் மத்திய அரசு ஏற்று, ஆய்வு நிறுவனமாக்கியது. கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981இல்தான். அதற்கு முன்னர், டாப்சோன் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உண்டவர்களுக்கு, ஊர் ஒதுக்கிய பின் வாழ ஒரு கூரையும் செய்ய ஒரு தொழிலும் தேவைப்பட்டன. கார் அந்தக் கூரையாக மாறியது என்பதே இந்த நிகழ்ச்சியின் சாரம்.

கேட்டது ஒன்றும் கிடைத்தது வேறொன்றுமாக இருப்பது தமிழுக்குப் புதிதன்று. கீரைக்கறியோடு உண்ணச் சிறிது அரிசி கேட்ட ஔவையாருக்கு நாஞ்சில் வள்ளுவன் யானையையே கொடுத்தான் என்கிறது புறநானூறு. ஔவையார் அந்தப் பெருங்கொடையைக் கண்டு வியக்கிறார். வியப்பு முடிந்த பிறகு எழும் கேள்வி நம்முடையது: அன்றைய சோற்றுக்கு அந்த யானை எவ்வாறு வழிசெய்திருக்கும்?

இந்தக் கேள்விக்குக் கல்வெட்டுக் காலத்தார் ஒரு விடை வைத்திருந்தார்கள். நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகளைக் கொடுப்பது சோழர் கால வழக்கம். கோயிலுக்கு வேண்டியது ஆடன்று, நாள்தோறும் உழக்கு நெய். மந்தையை இடையர் பொறுப்பேற்பர், மூத்தவையும் இறந்தவையும் போக எண்ணிக்கை குறையாமல் காப்பர், நெய்யை அளப்பர். ‘சாவா மூவாப் பேராடு’ என்ற பெயரின் பொருள் இதுதான். உத்திரமேரூரின் வயிரமேக தடாகத்தைத் தூர்வாரக் கொடுத்த பொன்னையும் சபை செலவழித்துவிடவில்லை. அதை முதலாக வைத்து, வட்டியைக் கொண்டு பணி நடத்தியது. கொடுத்த பொருள் ஒன்று, பெறுபவருக்கு வேண்டிய பொருள் வேறொன்று. இரண்டையும் இணைக்கும் பொறுப்பு ஓர் அமைப்பினுடையது.

அந்தப் பொறுப்பைக் காக்கும் விதிகளும் இங்கே கல்லில் உள்ளன. 30 குடும்புகளிலிருந்து பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, சூதறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஏரி வாரியத்துக்கு அறுவர் அமைந்தது இவ்வழியே. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் குடத்தில் பெயர் இடவே தகுதியற்றோர்.

குலுக்கல் தன்னளவில் அறமும் அன்று, மறமும் அன்று. தமிழ்நாட்டில் 1968இல் அரசு பரிசுச் சீட்டு நல்ல நோக்கத்தோடுதான் தொடங்கியது. பின்னாளில் எத்தனையோ கூலித் தொழிலாளர் குடும்பங்களைத் தின்றது. 2003இல் பரிசுச் சீட்டு விற்பனையே தடை செய்யப்பட்டது. அன்னையின் குலுக்கல் ஒரு பொருளுக்காக ஒரே முறை நடந்து, ஒரு பணியில் முடிந்தது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

பழைய கார்களை அறநிலையங்களுக்குக் கொடுத்து வரிச்சலுகை பெறுவது அமெரிக்காவில் பெருவழக்கம். கொடுப்பவர் தம் காருக்குத் தாமே உயர்ந்த மதிப்புப் போட்டுக்கொண்ட நிலையை 2004இல் இயற்றிய சட்டம் மாற்றியது. 500 டாலருக்கு மேல் சலுகை கோரப்படும் காரை அறநிலையம் விற்றுவிட்டால், அது விற்ற விலையளவுக்கே பொதுவாகச் சலுகை. கொடையின் மதிப்பு கொடுத்தவர் சொல்வதன்று, பெற்றவர் கைக்குச் சென்றதே என்ற உண்மையை அச்சட்டம் ஏற்றுக்கொண்டது.

நம் ஊர்ப்புறங்களில் இன்றும் பிறந்தநாள் தோறும் இல்லங்களுக்குப் பாயசம் வந்து சேர்கிறது. மருந்துச் சீட்டு அலமாரியில் காத்திருக்கிறது. கொடுப்பவரின் மனம் குளிர்வதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கொடுக்குமுன் ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று ஒரு சொல் கேட்கலாம். பெறுகிறவர் அதை விற்கவும் மாற்றவும் மனமுவந்து இசையலாம். வெண்ணிறக் காரைக் கொடுத்தவர் அதைத் தம் பெயரால் பேணி வைக்குமாறு நிபந்தனை விதித்திருந்தால், சாந்தி நகருக்கு அதனால் ஒரு செங்கல்லும் கிடைத்திராது.