குடல் அழற்சி நோயில் ஆகார நியமம்

பெருங்குடலின் உட்சவ்வைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கும், 1932-இல் நியூயார்க் வைத்தியர் கிரோனும் அவர் சகாக்களும் விவரித்ததும் வாய் முதல் குதம் வரை எவ்விடத்தையும் பற்றக்கூடியதுமான கிரோன் நோய்க்கும் குடல் அழற்சி நோய் என்பது பொதுப்பெயர். ஆகாரம் பொதுவாக ஔஷதத்துக்குத் துணையேயன்றிப் பிரதியன்று. குழந்தைகளின் கிரோன் நோயில் மட்டும், சில வாரங்கள் திரவ போஷணையை மாத்திரமே அளிப்பது சிகிச்சையாகவே கொள்ளப்படுகிறது.

1895 முதல் முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லும் வாழையும் செழித்து விளைவதால், நோய் உக்கிரமாயிருக்கையில் பெரும்பாலார்க்கு ஒத்துக்கொள்ளும் குழைந்த சோறும் இட்லியும் கனிந்த வாழைப்பழமும் இங்கு எளிதில் கிட்டுவன. பால் ஒவ்வாதவருள்ளும் பலர் மோரைத் தாங்குவர். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இப்பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையோ, குடல் சுருங்கிய இடத்தில் தோலும் விதையும் சிக்கி அடைப்புண்டாக்கக் கூடுமாதலால், அத்தகைய சுருக்கமுடையோர் விலக்கத்தக்கது; ஏனையோர்க்கும் அதனை மறுப்பது வீண் கடுமையே. காரமும் அவ்வாறே: வேதனையை மிகுவிப்பின் குறைக்கலாம், ஆயின் அதுவே நோய்க்குக் காரணமென்பதற்குப் பிரமாணமில்லை.

நெடுநாட் பத்தியம் ரத்தசோகையையும் மெலிவையும் வளர்க்கும். சிறுகுடலின் கடைப்பகுதி பழுதுற்றோர்க்கு வைட்டமின் பி12 குறைவும் நேரலாம். நம் நாட்டில் குடற் காசநோய் கிரோன் நோயைப் போலவே தோற்றமளிப்பதால், நோய் இன்னதென்று நிர்ணயமாகுமுன் பத்தியத்தால் மட்டும் காலங்கடத்துவது அபாயகரம்.